தண்டுவடக் காயத்துக்கு வீடியோ கால் வைத்தியம் போதுமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 32 வயது. போன வருஷம் மாசி மாதம் புளி உலுக்க மரம் ஏறினார், கிளை முறிந்து விழுந்துவிட்டார். முதுகுத் தண்டில் டி5 அடி, 'கம்ப்ளீட்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன், மறுவாழ்வுப் பயிற்சி எல்லாம் வேலூரில் முடித்து வீட்டுக்கு வந்து பல மாதம் ஆகிறது. மார்புக்குக் கீழே உணர்வு இல்லை. எங்கள் ஊர் ஒடுகத்தூரிலிருந்து இன்னும் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு முறை வேலூர் போகவும் கார் வாடகை, தூக்க இரண்டு ஆள், என் ஒருநாள் சம்பளம் போய்விடும். அதனால் போனில் ஒரு ஆப் வழியாக டாக்டரிடம் பேசுகிறோம். யூரின் கலங்கலாக இருக்கிறது என்றதற்கு மூன்று முறை ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள். மாத்திரை முடிந்ததும் திரும்பக் கலங்குகிறது. போன மாதம் ஒரு நாள், வேலை முடிந்து நான் வீடு வந்தபோது அவருக்குத் தாங்க முடியாத தலைவலி, முகமும் கழுத்தும் வியர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா பி.பி. பார்த்தார், 150/90. வீடியோவில் வந்த டாக்டர், இது பெரிய பி.பி. இல்லை, டென்ஷன் தலைவலி என்று மாத்திரை சொன்னார். அப்புறம் நான் டியூப் போட்டு யூரின் எடுத்தேன், நிறைய வந்தது, கொஞ்ச நேரத்தில் தலைவலியும் போய்விட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? நான் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். காலை ஏழு மணி பஸ், இரவு ஏழரைக்குத்தான் வீடு. எல்லாம் நான்தான் பார்க்கிறேன். ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பார் என்று போனில் விளம்பரம் வருகிறது, மாமனார் நிலத்தை விற்கலாம் என்கிறார். இப்படி வீட்டிலிருந்தே போனில் வைத்தியம் பார்ப்பது சரியா? வரும் மாதம் திருவண்ணாமலையில் என் தம்பி கல்யாணம், அவரைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

ஒரு சகோதரி, அணைக்கட்டு வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தத் தலைவலி. மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது. சம்பந்தம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாக உண்டு, அதைக் கண்டுபிடித்தது நீங்கள்தான். திரையில் இருந்த மருத்துவருக்குத் தெரியாமல் போனது, டியூப் போட்ட உங்கள் கைக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கு ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்று பெயர். மறுவாழ்வுப் பிரிவில் 'ஏ.டி.' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். டி என்பது மார்புப் பகுதி முதுகெலும்பு, எண் மேலிருந்து கீழாகப் போகும். டி6, அதற்கு மேலே அடிபட்டவர்களுக்கு வரக்கூடியது. உங்கள் வீட்டுக்காரருக்கு டி5. மூத்திரப் பை நிரம்பி வழியும் நிலைக்கு வந்தால் அவருக்கு முட்டுகிற உணர்வு தெரியாது, ஆனால் அடிபட்ட இடத்துக்குக் கீழே இருக்கும் நரம்புகளுக்குத் தெரியும். அவை வயிற்றுப் பகுதி ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பி.பி. ஏறும். சாதாரண ஆளாக இருந்தால் மூளை உடனே 'விடு' என்று கட்டளை அனுப்பிக் குழாய்களைத் தளர்த்திவிடும். இவருக்கு அந்தக் கட்டளை டி5-ஐத் தாண்டிக் கீழே போகாது. அதனால் பி.பி. ஏறிக்கொண்டே போகும். மேலே முகம், கழுத்து மட்டும் சூடாகி வியர்க்கும், தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும். விட்டுவிட்டால் வலிப்பு வரலாம், மூளையில் ரத்தக் கசிவுகூட வரலாம்.

150/90 எனக்கோ உங்களுக்கோ வந்தால் பதற வேண்டியதில்லை. ஆனால் டி5 காயத்தோடு இருப்பவரின் வழக்கமான பி.பி.யில் மேல் எண் பெரும்பாலும் 90-லிருந்து 110-க்குள் இருக்கும். அவருக்கு 150 என்றால் 40, 50 புள்ளி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வழக்கத்தைவிட 20 ஏறினாலே தண்டுவடக் காயத்தைப் பார்க்கும் மருத்துவர்கள் நாங்கள் ஏ.டி.யை நினைப்போம். காரணத்தை நீக்கியும் 150-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் மருந்து கொடுத்து இறக்க வேண்டிய கட்டம் அது. அந்த மருத்துவர் எண்ணை மட்டும் பார்த்தார், உங்கள் வீட்டுக்காரருடைய வழக்கமான எண் என்ன என்று கேட்கவில்லை. தண்டுவடக் காயத்தைத் தினமும் பார்க்காத மருத்துவருக்கு இது தோன்றாமல் போவது நடப்பதுதான். அதனால்தான் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை வந்தால் போனைத் தேடாதீர்கள். முதலில் அவரைப் படுக்கையிலிருந்து நிமிர்த்தி உட்கார வையுங்கள், கால்களைக் கீழே தொங்க விடுங்கள். தலைவலி என்று படுக்க வைத்தால் பி.பி. இன்னும் ஏறும். இடுப்புப் பட்டை, அரைஞாண் கயிறு, இறுக்கமான லுங்கி முடிச்சு எல்லாவற்றையும் தளர்த்துங்கள். உடனே டியூப் போட்டு யூரினை எடுத்துவிடுங்கள். டியூபும் பையும் நிரந்தரமாகப் போட்டிருக்கும் வீடுகளில் டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா, பை நிரம்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பி.பி. பாருங்கள். யூரின் எடுத்தும் இறங்கவில்லை என்றால் மலம் கட்டியிருக்கலாம், புண் இருக்கலாம், கால் நகம் சதைக்குள் வளர்ந்திருந்தால்கூட இது வரும். காரணம் பிடிபடவில்லை, பி.பி. இறங்கவும் இல்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். உட்கார்ந்த நிலையிலேயே கொண்டுபோகச் சொல்லுங்கள். வீடியோ கால் எல்லாம் அப்புறம்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு அட்டையில் 'டி5 தண்டுவடக் காயம், ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா வரும்' என்று எழுதி, அதன் கீழே அவருடைய வழக்கமான பி.பி.யை எழுதி அவர் சட்டைப் பையில் வையுங்கள். வழக்கமான பி.பி. தெரிய வேண்டுமானால் நர்ஸ் அக்காவிடம் சொல்லி, வீட்டுக்காரர் நன்றாக இருக்கும் நாட்களில் சில தடவை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவரிடம் பேசினாலும், நேரிலோ போனிலோ, முதல் வாக்கியம் இந்த அட்டையில் இருப்பதாக இருக்கட்டும்.

சரி, மூத்திரப் பை ஏன் அவ்வளவு நிரம்பியது? உங்கள் கடிதத்தில் பதில் இருக்கிறது. காலை ஏழு மணி பஸ், இரவு ஏழரை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அவருக்கு யாரும் டியூப் போடவில்லை. மூன்று முறை ஆன்டிபயாட்டிக் எழுதியவர்கள் யாரும் நீங்கள் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள் என்று கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தால் மாத்திரைக்கே வேலை இருந்திருக்காது.

விட்டுவிட்டு டியூப் போட்டு எடுக்கும் இந்த முறை, ஆஸ்பத்திரியில் சி.ஐ.சி. என்பார்களே, அது நான்கு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டும். ஒரு தடவைக்கு 400, மிஞ்சினால் 500 மில்லிக்கு மேல் பையில் சேரக் கூடாது. அதற்கு மேல் சேர்ந்தால் பை விரியும், ரத்த ஓட்டம் குறையும், கிருமி குடியேறும், அழுத்தம் மேலே ஏறிக் கிட்னியைத் தாக்கும். பகலில் எடுக்க ஆள் இல்லை என்று அவர் தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருப்பார் என்று நினைக்கிறேன், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அது கல்லுக்கு வழி. ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் அளவுக்குக் குடிக்க வேண்டும், ஒரேயடியாக இல்லாமல் பரவலாக, இரவு எட்டு மணிக்குப் பிறகு குறைத்துக்கொண்டு.

யார் எடுப்பது என்றால், அவரே எடுக்கலாம். டி5 காயத்தில் இரண்டு கையும் விரலும் முழுசாக வேலை செய்யும். சட்டை பொத்தான் போடுகிற கை, போன் தட்டுகிற கை, கத்தீட்டர் என்கிற அந்த டியூபையும் பிடிக்கும். ஆண்களுக்கு இது கற்றுக்கொள்வதில் சுலபமானதும்கூட. சோப்புப் போட்டுக் கை கழுவி, உட்கார்ந்து, ஜெல் தடவி, மெதுவாக உள்ளே விட்டு, ஓரிடத்தில் தடை வந்தால் அழுத்தாமல் மூச்சை இழுத்து விட்டுக் காத்திருந்தால் தானாகப் போகும். மறுவாழ்வுப் பிரிவில் இருந்தபோது அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் பாசத்தில் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டீர்கள், அவரும் விட்டுவிட்டார். இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. நம் ஊர்ப் பக்கம் வீடுகளில் அடிபட்டு வந்த ஆளைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வதுதான் அன்பு என்று ஆகிவிட்டது. ஆனால் நீங்கள் பஸ் ஏறிய பிறகு பதினொன்றரை மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் அந்த வேலையை அவர் செய்தாக வேண்டும். மறந்திருந்தால் வீடியோ காலில் நர்ஸோ தெரபிஸ்டோ பார்த்துக்கொண்டிருக்க அவர் செய்து காட்டலாம். இதை நான் திரையில் பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், நன்றாகவே வருகிறது.

கலங்கல் விஷயம். டியூப் போடுகிறவர்களின் யூரினில் எப்போதும் கொஞ்சம் கிருமி இருக்கும். கலங்கலாக இருப்பதற்கோ கிருமி தெரிவதற்கோ மட்டும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. காய்ச்சல், குளிர், வழக்கத்துக்கு மாறாகக் கால் வெட்டி வெட்டி இழுப்பது, இடையில் ஒழுகுவது, உடம்பு அசந்து போவது, ஏ.டி. வருவது, இதில் ஏதாவது கூடச் சேர்ந்தால்தான் அது நோய். அப்போதும் மாத்திரை தொடங்கும் முன் யூரினை, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், யூரின் சேகரிக்கும் பையில் இருந்ததைப் பிடிக்காமல் புது டியூப் போட்டு எடுத்த யூரினாக இருக்க வேண்டும். ரிசல்ட்டைப் போனில் அனுப்பினால் எந்த மருந்து என்று வீட்டில் இருந்தபடியே முடிவு செய்யலாம். தேவையில்லாமல் திரும்பத் திரும்ப ஆன்டிபயாட்டிக் எடுத்தால், நிஜமாகத் தேவைப்படும் நாளில் எந்த மருந்தும் கேட்காத கிருமிதான் மிஞ்சும். இது என்னை ரொம்பவே கவலைப்படுத்தும் விஷயம்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. வீட்டிலிருந்தே போனில் வைத்தியம் பார்ப்பது சரியா?

சரிதான். தண்டுவடக் காயத்தோடு இருப்பவரை மாதம் ஒருமுறை இரண்டு பேர் தூக்கிக் காரில் திணித்து, வெயிலில் வரிசையில் உட்கார வைத்து, அந்த உட்காரலிலேயே புண் வர வைத்து அனுப்புவதைவிட, பாதிக்கு மேற்பட்ட வேலையைப் போனில் முடிப்பது நல்லது என்பது என் கட்சி. ஒரே நிபந்தனை: நேரில் வந்தால் நாங்கள் தொட்டுப் பார்க்கிற அத்தனையையும் வீட்டில் இருப்பவர்கள் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். சாதாரண ஆள் 'எனக்கு இங்கே வலிக்கிறது' என்று சொல்லிவிடுவார். இவரால் மார்புக்குக் கீழே எதையும் அப்படிச் சொல்ல முடியாது. அதனால் வெறும் முகத்தைக் காட்டிப் பேசிவிட்டு வைக்கிற வீடியோ கால் இவருக்கு உதவாது.

கால் பண்ணும் முன் கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. கையில் கட்டும் டிஜிட்டல் பி.பி. மெஷின், தெர்மாமீட்டர், யூரின் அளக்க அளவு போட்ட ஜக், ஒரு நோட்டு. நோட்டில் மூன்று நாள் கணக்கு போதும்: எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு யூரின் வந்தது, நடுவில் ஒழுகியதா, மோஷன் எப்போது போனார். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கால் மணி நேரம் பேசிக் கண்டுபிடிக்க வேண்டியது அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். உங்கள் பக்கம் மலையடிவாரத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பது எனக்குத் தெரியும். வீடியோ நின்று நின்று வந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். போட்டோவும் சாதாரண போன் பேச்சும் சேர்ந்தாலே பெரும்பாலான விஷயம் முடிந்துவிடும்.

தோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடிதத்தில் புண் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. புண் இல்லை என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை, நீங்கள் பார்க்கவில்லையோ என்றுதான் தோன்றுகிறது. காலையிலும் இரவிலும் பிட்டத்தின் நடு எலும்பு, உட்காரும்போது தரையில் படுகிற இரண்டு எலும்பு, இடுப்பின் பக்க எலும்பு, குதிகால், கணுக்கால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சிவப்பாகத் தெரியும் என்று புத்தகத்தில் இருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு சுலபத்தில் தெரியாது, கொஞ்சம் கறுத்தோ ஊதா கலந்தோ தெரியும். அதனால் விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ சொதசொதவென்றோ இருக்கிறதா? விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்துத் திரும்ப நிறம் வர வேண்டும். அப்படி வெளுக்காமல் அப்படியே இருந்தால் அதுதான் படுக்கைப்புண்ணின் முதல் படி. அந்த எலும்பின் மேல் பாரம் படாமல் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதன் மேலேயே உட்கார்ந்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

அவருடைய பின்பக்கத்தை அவரே பார்க்கலாம், நீள் கைப்பிடி வைத்த கண்ணாடியோ போன் கேமராவோ போதும். புண் இருந்தால் எங்களுக்குப் போட்டோ அனுப்பும் முறை ஒன்று உண்டு. ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் எடுங்கள். ஒன்று தள்ளி நின்று, உடம்பில் எந்த இடம் என்று புரிகிற மாதிரி. இன்னொன்று கிட்டத்தில், புண்ணின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, தேதி எழுதிய சீட்டோடு. அடுத்த வாரமும் அதே பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, அதே தூரத்தில் எடுத்தால்தான் ஆறுகிறதா பெருக்கிறதா என்று ஒப்பிட முடியும். நாற்றம், சீழ், கட்டு எவ்வளவு நேரத்தில் நனைகிறது என்பதெல்லாம் போட்டோவில் வராது, வாயால் சொல்ல வேண்டும்.

ஆழம் மட்டும் போட்டோவில் பிடிபடவே பிடிபடாது. பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் அனுப்பிய படத்தில் உட்காரும் எலும்பின் மேல் கட்டை விரல் நகம் அளவுக்குத்தான் வாய் தெரிந்தது. நேரில் வரச் சொல்லிப் பார்த்தபோது உள்ளே தோலுக்கடியில் எல்லாப் பக்கமும் குடைந்துகொண்டு எலும்பு வரை போயிருந்தது. அதிலிருந்து, தோல் திறந்துவிட்ட புண் எதையும் ஒரு தடவையாவது நேரில் பார்க்காமல் போனில் மருந்து சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். புண்ணுக்கு ஸ்பிரிட், மஞ்சள் தூள், பவுடர் எதுவும் வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள வட்டத் தலையணையும் வேண்டாம், அது சுற்றியிருக்கும் ரத்த ஓட்டத்தைத்தான் நிறுத்தும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது, வீல்சேரில் இருந்தால் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிஷம் பாரத்தை எடுப்பது, சிமென்ட் தரையில் உட்கார்ந்தபடி இழுத்துக்கொண்டு நகராமல் இருப்பது, இந்த மூன்றுக்கு ஈடாக எந்தக் களிம்பும் இல்லை.

வேலூர் வெயிலையும் சொல்ல வேண்டும். டி5-க்குக் கீழே அவருக்கு வியர்க்காது. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருந்தால் உடம்பு அப்படியே சூடேறும். தெர்மாமீட்டர் 101 காட்டும், போனில் சொன்னால் காய்ச்சல் என்று மருந்து வரும். முதலில் நிழலுக்கு மாற்றி, ஈரத் துண்டு போட்டு, ஃபேன் வைத்து, அரை மணி கழித்துத் திரும்பப் பாருங்கள். இறங்கிவிட்டால் அது வெயில். இறங்கவில்லை என்றால் கிருமியைத் தேட வேண்டும், அப்போது கால் பண்ணுங்கள்.

போனுக்கே போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவையும் உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்குவது. ரத்தக் கட்டியாக இருக்கலாம், அவருக்கு வலிக்காது. திடீர் மூச்சுத் திணறல். குளிரோடு வரும் கடும் காய்ச்சல். விழுந்துவிட்டால், வலி இல்லாவிட்டாலும், எலும்பு முறிந்திருக்கலாம். இதுவரை நன்றாக இருந்த கையில் மரப்போ பலக்குறைவோ புதிதாக வருவது. தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்பும் மனக்குழப்பமும் வரும். தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போனில் சொல்லி வாங்கி வையுங்கள். உங்களுக்குக் கிட்ட எந்த ஆஸ்பத்திரியோ அங்கே முதலில் போங்கள், பெரிய ஏற்பாடு தேவைப்பட்டால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

சட்டப்படியும் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 2020 மார்ச் 25-ல் மத்திய அரசு டெலிமெடிசின் வழிகாட்டியை வெளியிட்டது. பதிவு பெற்ற மருத்துவர் போனிலோ வீடியோவிலோ ஆலோசனை தரலாம், சீட்டில் தன் பதிவு எண்ணைப் போட வேண்டும். திரையில் முடிவு செய்ய முடியாது என்று தோன்றினால் நேரில் வரச் சொல்லும் உரிமை அவருக்கும் உண்டு, நேரில் காட்டுகிறேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கும் உண்டு. அதே மருத்துவரை நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள், அதே பிரச்சினைக்குப் பேசினால்தான் அதைத் தொடர் சிகிச்சை என்று கணக்கில் எடுக்கிறார்கள். அதனால் முகம் மாறிக்கொண்டே இருக்கும் ஆப்பை விட்டுவிடுங்கள். அவருக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்த இடத்திலேயே போன் ஆலோசனைக்குப் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில், நடுவில் எல்லாம் போனில். நேரில் போகும் நாளில் கிட்னி ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, தோல், தோள்பட்டை, வீல்சேர் குஷன் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். கிட்னி ஸ்கேன் வருஷத்துக்கு ஒன்று கட்டாயம், எந்தக் கோளாறும் தெரியாவிட்டாலும்.

சாதாரண சளி, காய்ச்சலுக்கு அரசின் இ-சஞ்சீவனி வீடியோ ஆலோசனை இலவசம். அந்த அட்டையை அங்கேயும் படித்துக் காட்டுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தீர்களா? எனக்குத் தெரிந்து நன்றாக நடக்கும் ஏற்பாடு இதுதான்: நர்ஸோ தெரபிஸ்டோ வீட்டில் இருக்கும் நேரத்தில் மறுவாழ்வு மருத்துவருக்கு வீடியோ கால் போடுவது. பழகிய கை அங்கே இருக்கிறது, பழகிய கண் இங்கே இருக்கிறது.

இன்னொன்று சகோதரி, மனசில் பட்டதைச் சொல்கிறேன். இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொன்னதாக ஒரு வார்த்தை இல்லை. அவருக்கு எப்படி இருக்கிறது என்று அவர் என்ன சொல்கிறார்? வீடியோ காலில் அநேகமாக எல்லா வீட்டிலும் இதைப் பார்க்கிறேன். போனை மனைவி பிடித்திருப்பார், பின்னால் மாமியார், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர், அவர் மூலையில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். டாக்டரும் 'பேஷன்ட் எப்படி இருக்கார்?' என்று மனைவியைக் கேட்பார். அடுத்த கால் அவர் பண்ணட்டும். போன் அவர் கையில் இருக்கட்டும், கணக்கு நோட்டை அவரே எழுதட்டும், கடைசியில் ஐந்து நிமிஷம் எல்லோரும் வெளியே போய்விடுங்கள். தாம்பத்தியம், குழந்தை, சம்பாத்தியம் என்று நீங்கள் பக்கத்தில் இருந்தால் கேட்கவே மாட்டாத கேள்விகள் அவருக்கு இருக்கும். அவற்றுக்குப் பதிலும் இருக்கிறது. மனம் ரொம்பச் சோர்ந்திருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். அந்த எண் உங்களுக்கும்தான்.

வேலூர்க்காரர்கள் நாம் டாக்டர் மேரி வர்கீஸை மறக்கக் கூடாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்தபோது 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரண்டு காலும் செயலிழந்தன. வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்ததற்கு அவர்தான் காரணம். தண்டுவடம் அடிபட்டவர் தன் உடம்பைப் பற்றித் தானே பேசவும் முடிவெடுக்கவும் முடியும் என்பது இந்த ஊரில் அன்றைக்கே நடந்து காட்டிய விஷயம். உங்கள் வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லுங்கள். அவரைப் போலவே அடிபட்டு, இப்போது கடை நடத்துகிற, ஆட்டோ ஓட்டுகிற ஒருவரோடு போனில் பேச வைக்க முடியுமா என்று மறுவாழ்வுப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். நான் ஒரு மணி நேரம் சொல்வதைவிட அந்தப் பத்து நிமிஷப் பேச்சு அதிகம் செய்யும்.

நிலத்தை விற்க வேண்டாம். உங்கள் மாமனாரிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் ஊசி அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டி, முறையாக அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே இதைக் கொடுக்கவே கூடாது என்கிறது. ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றாலே அது எந்த வகை என்று புரிந்துகொள்ளலாம். மகன் எழுந்து நடக்க வேண்டும் என்று ஒரு தகப்பன் நிலத்தைக் கொடுக்கத் துணிவதை நான் குறைவாக நினைக்கவில்லை, அந்த மனசைத்தான் விளம்பரக்காரர்கள் குறி வைக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும்: நல்ல குஷன், வாசலில் சாய்தளம், கக்கூஸில் வீல்சேர் திரும்ப இடம், வீட்டில் உட்கார்ந்து செய்ய ஒரு தொழில்.

கல்யாணத்துக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். தம்பி கல்யாணத்தில் மாமா இல்லாமல் எப்படி? காரில் முன்சீட்டில், அவருடைய வீல்சேர் குஷனை அடியில் போட்டு உட்கார வையுங்கள், வெறும் சீட்டில் வேண்டாம். கிளம்பும் முன் யூரின் எடுத்துவிடட்டும். வழியில் எடுக்க முடியாது என்று தண்ணீரை நிறுத்த வேண்டாம், போளூரில் நிறுத்தி, ஜன்னலுக்கு ஒரு துண்டைக் கட்டிவிட்டுக் காரிலேயே எடுத்துக்கொள்ளலாம். கழுவிக் காயவைத்த கத்தீட்டர் இரண்டு மூன்று, ஜெல், சோப்பு, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு காலி பாட்டில் தனிப் பையில் இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை முன்னால் சாய்ந்து பாரத்தை எடுக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடு வரும் பக்கம் காலை வைக்க வேண்டாம், சுட்டாலும் அவருக்குத் தெரியாது. சத்திரத்தில் சாப்பாட்டுப் பந்தி மாடியில் இருக்கிறதா, கக்கூஸ் வாசலில் வீல்சேர் நுழையுமா என்று தம்பியிடம் இப்போதே கேட்டு வையுங்கள். முதல்நாள் இரவு மோஷன் போக வைத்துவிட்டால் முகூர்த்த நேரத்தில் கவலை இருக்காது. வீடு திரும்பியதும், எவ்வளவு அசதியாக இருந்தாலும், தூங்கும் முன் பிட்டத்தையும் குதிகாலையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.